தொடக்கக்கல்லூரிக் காற்பந்து: ஒரு பருவத்தைப் பார்ப்பதும் பேசுவதும்

பிள்ளை சிங்கப்பூரில் ஒரு தொடக்கக்கல்லூரியின் (பல்கலைக்கழகத்துக்கு முந்தைய படிப்பு) காற்பந்து அணியில் இடம்பிடித்திருக்கலாம். நீங்கள் படித்த கல்லூரி இந்த முறை நன்றாக ஆடுகிறது என்று யாரோ சொல்லியிருக்கலாம். முதன்முறையாகத் திடலுக்குப் போகிறீர்கள். இருபது ஆண்டுகளாக இங்கிலீஷ் பிரிமியர் லீக் பார்த்துப் பழகிய கண்ணாக இருந்தாலும் இங்கே அது போதாது. மறுபடி காட்ட ஆளில்லை, வர்ணனை இல்லை, எத்தனை ஷாட், எத்தனை கார்னர் என்று திரையில் எழுதிக் காட்டுவதும் இல்லை. ஆட்டம் முடிந்ததும் கையில் மிஞ்சுவது ஸ்கோர் ஒன்றுதான். அதை மட்டும் வைத்துக்கொண்டு அணியை எடைபோட்டால் பெரும்பாலும் தப்பாகத்தான் போகும், ஏனென்றால் பருவம் மிகச் சின்னது. அதனால் பார்த்ததை அங்கேயே தாளில் குறித்துக்கொண்டு, அந்தத் தாளிலிருந்து பேசப் பழகுங்கள். கீழே உள்ள படிகள் எல்லாமே அதற்காகத்தான்.

முதலில், எந்தப் போட்டி என்று தெளிவாகுங்கள்

‘கல்லூரி ஆட்டம்’ என்று பொதுவாகச் சொல்வதில் பல போட்டிகள் கலந்து கிடக்கின்றன. தொடக்கக்கல்லூரிகள் கல்வி அமைச்சின் தேசியப் பள்ளி விளையாட்டுகளில் ‘ஏ’ பிரிவில் ஆடுகின்றன. பலதுறைத் தொழிற்கல்லூரிகளும் தொழில்நுட்பக் கல்விக் கழகத்தின் கல்லூரிகளும் மோதுவது வேறு போட்டி. பல்கலைக்கழகங்களும் சேர்ந்து ஆடும் ஐவிபி விளையாட்டுகள் இன்னொன்று. இங்கே நாம் எடுத்துக்கொள்வது ‘ஏ’ பிரிவை. ஆடவர், பெண்கள் இரு பிரிவுகளுக்கும் இதே முறை பொருந்தும்.

‘ஏ’ பிரிவுக் காற்பந்து வழக்கமாக இரண்டாம் தவணையில், ஏப்ரல், மே மாதங்களை ஒட்டி நடக்கும். அட்டவணை வந்தவுடன் நான்கு விஷயங்களைப் பார்த்து எழுதி வையுங்கள்: ஒரு பாதி எத்தனை நிமிடம், எத்தனை மாற்று ஆட்டக்காரர்கள், வெளியே போனவர் திரும்ப வரலாமா, புள்ளிகள் சமமானால் எதை வைத்துப் பிரிப்பார்கள். இவை ஆண்டுக்கு ஆண்டு மாறக்கூடியவை. உலகக் காற்பந்து விதிகளே இளையர் போட்டிகளில் ஆட்ட நேரத்தையும் மாற்று முறையையும் மாற்றிக்கொள்ள இடம் தருகின்றன. ‘என்ன இது, வெளியே போன பையன் மறுபடியும் உள்ளே வர்றான்’ என்று கூச்சல் போடுவதற்கு முன்னால் அந்த ஆண்டு விதியைத் தெரிந்துகொள்வது நல்லது.

பழைய மாணவர்களுக்கு ஒரு குறிப்பு. 2019இல் எட்டுத் தொடக்கக்கல்லூரிகள் இரண்டிரண்டாக இணைந்து நான்காயின. ஆண்டர்சன் செராங்கூன், ஜூரோங் பயனியர், தெம்பனிஸ் மெரிடியன், யீஷுன் இன்னோவா என்ற பெயர்களில் உங்கள் பழைய கல்லூரியைத் தேடுங்கள்.

அணியின் வயதைப் புரிந்துகொள்ளாமல் ஒரு வார்த்தையும் பேச வேண்டாம்

தொடக்கக்கல்லூரிப் படிப்பு இரண்டே ஆண்டு. அதாவது ஒவ்வோர் ஆண்டும் அணியில் ஏறக்குறைய பாதிப் பேர் போய்விடுகிறார்கள். முதலாம் ஆண்டு மாணவர்கள் சாதாரண நிலைத் தேர்வு முடிவு வந்தபின் பிப்ரவரி வாக்கில்தான் கல்லூரிக்குள் வருகிறார்கள். பருவம் தொடங்குவதற்குள் அவர்களுக்குக் கிடைப்பது இரண்டு மாதம், அதுவும் வாரத்தில் சில மாலைகள். புதிய டிஃபெண்டரும் பழைய கோல்கீப்பரும் ஒருவரையொருவர் நம்பி ஆட அது போதாது. பருவத்தின் முதல் இரண்டு ஆட்டங்களில் இருவரும் ஒரே பந்துக்குப் பாய்வதும், இருவருமே பந்தை விட்டுவிடுவதும் இதனால்தான். மூன்றாவது ஆட்டத்திலும் அது நடந்தால் கவலைப்படலாம்.

இதில் எல்லாக் கல்லூரிகளும் ஒரே நிலையில் இல்லை. ராஃபிள்ஸ், ஹுவா சோங் போன்ற ஆறாண்டு ஒருங்கிணைந்த பாடத்திட்டம் உள்ள நிலையங்களில், கல்லூரி வயதுக்கு வருமுன்பே நான்கு ஆண்டு ஒன்றாக ஆடிய பிள்ளைகள் இருக்கக்கூடும். உங்கள் அணி பத்துப் பள்ளிகளிலிருந்து வந்தவர்களால் ஆனது என்றால், தொடக்க ஆட்டங்களில் எதிரணி ‘பேசாமலே புரிந்துகொள்கிறது’ என்று தோன்றுவதற்கு இதுவே காரணம்.

ஆகவே முதல் வேலையாக ஆட்டக்காரர்களின் சட்டை எண்களை எழுதி, ஒவ்வோர் எண்ணுக்கும் பக்கத்தில் 1 அல்லது 2 என்று படிக்கும் ஆண்டைக் குறியுங்கள். தொடக்க 11 பேரில் எத்தனை பேர் முதலாம் ஆண்டு என்ற அந்த ஓர் எண், பருவம் முழுக்க உங்களுக்குப் பயன்படும். போன ஆண்டு அணியோடு ஒப்பிடுவதை அதுவே நிறுத்திவிடும். படிக்கட்டில் உட்கார்ந்திருக்கும் பெரியவர்கள் 1994இல் மலேசியக் கோப்பையை வென்ற சிங்கப்பூர் அணியோடு ஒப்பிடத் தொடங்கினால் மரியாதையோடு கேட்டுக்கொள்ளுங்கள். அந்தப் பேச்சுக்கு ஒரு சுவை உண்டு. ஆனால் அது 17 வயதுப் பிள்ளைகளுக்கான அளவுகோல் இல்லை.

தாள் தயாரிப்பு

ஏ4 தாள் ஒன்றை இரண்டாக மடியுங்கள். ஒரு பக்கம் முதல் பாதி, மறுபக்கம் இரண்டாம் பாதி. ஒவ்வொரு பக்கத்தின் நடுவிலும் ஒரு கோடு போட்டு அந்தப் பாதியை இன்னும் இரண்டாகப் பிரியுங்கள். ஆக மொத்தம் நான்கு கட்டம். கால அளவு எதுவானாலும் இந்தப் பிரிவு வேலை செய்யும். பேனா வேண்டாம், பென்சில் எடுங்கள். மழை ஈரத்தில் மை பரவிவிடும்.

ஓர் ஆள் ஒழுங்காகக் குறிக்கக்கூடியது நான்கு வகைதான். அதற்கு மேல் ஆசைப்பட்டால் தாளைப் பார்த்துக்கொண்டே கோலைத் தவறவிடுவீர்கள்.

ஒன்று, ஷாட். நிமிடம், சட்டை எண், பெனால்டி கட்டத்துக்கு உள்ளே இருந்தா வெளியே இருந்தா, முடிவு என்ன. ‘23, எண் 9, உள், காப்பு’ என்பது போதும் (காப்பு என்றால் கோல்கீப்பர் தடுத்துவிட்டார்). எதிரணியின் ஷாட்களையும் அதேபோல் குறிக்க வேண்டும்; பலர் இதை விட்டுவிடுகிறார்கள்.

இரண்டு, நம் கோலுக்கு அருகில் உள்ள மூன்றில் ஒரு பங்குத் திடலில் பந்தை இழந்த தருணங்கள். இடம், நடு, வலம் என ஒரு புள்ளி வைத்தால் போதும்.

மூன்று, கார்னரும் ஃப்ரீ கிக்கும். பந்து உள்ளே வந்ததும் முதலில் தொட்டது யார், நம்மவரா அவர்களா?

நான்கு, மாற்றங்கள். யார் வெளியே, யார் உள்ளே, எந்த நிமிடம்.

கூட ஒருவர் வந்தால் வேலையைப் பிரித்துக்கொள்ளுங்கள். ஒருவர் ஷாட்டும் மாற்றமும், மற்றவர் இழப்பும் கார்னரும்.

எங்கே உட்காருவது

கோட்டோரம் நிற்பது உற்சாகமாக இருக்கும், ஆனால் எதுவும் தெரியாது. நடுக்கோட்டுக்கு நேராக, கிடைக்கும் இடங்களில் உயரமான வரிசையில் உட்காருங்கள். அங்கிருந்து இரு அணிகளின் நான்கு டிஃபெண்டர்களும் ஒரே பார்வையில் விழ வேண்டும். நான்கு மணி வாக்கில் ஆட்டம் என்றால் மேற்கு வெயில் முகத்தில் அடிக்காத பக்கமாகப் பாருங்கள்.

ஆட்டம் கல்லூரித் திடலில் நடந்தால் வாசலில் பாதுகாவலரிடம் பதிய வேண்டும், அடையாள அட்டை வைத்திருங்கள். வெளியாரை அனுமதிக்கிறார்களா என்று அணியில் உள்ள பிள்ளை மூலம் முன்கூட்டியே கேட்பது நல்லது. ஜாலான் புசார் விளையாட்டரங்கத்தில் ஆட்டம் என்றால் பெண்டமியர் எம்ஆர்டி நிலையம் பக்கம். ஃபேரர் பார்க்கிலிருந்தும் நடந்து வந்துவிடலாம்.

கண்ணை எங்கே வைப்பது

புதிதாகப் பார்ப்பவர்கள் எல்லோரும் செய்யும் பிழை, பந்தின் பின்னாலேயே கண்ணை ஓட்டுவது. கோல் விழும்போது கடைசியாகத் தொட்டவனும் கடைசியாகத் தடுக்கத் தவறியவனும் மட்டுமே தெரிவார்கள். காரணம் அதற்குப் பத்து விநாடிக்கு முன்னால் திடலின் வேறொரு மூலையில் நடந்திருக்கும்.

இதற்கு எளிய பயிற்சி ஒன்று உண்டு. பந்து எதிரணியிடம் போன உடனே, பந்தைப் பார்க்காமல் நம் மிட்ஃபீல்டைப் பாருங்கள். மூன்று விநாடி போதும். அவர்கள் பந்தை நோக்கி ஓடுகிறார்களா, தங்கள் இடத்துக்குத் திரும்பி ஓடுகிறார்களா, நின்றுவிட்டார்களா? கல்லூரி ஆட்டங்களில் பெரும்பாலான கோல்களின் விதை இந்த மூன்று விநாடிக்குள் இருக்கிறது. இரண்டு பேர் பந்தை நோக்கிப் பாய்ந்து, மூன்றாமவர் நின்றுவிட்டால், டிஃபென்சுக்கு முன்னால் பெரிய வெற்றிடம் திறக்கும். எதிரணியின் பத்தாம் எண், அதாவது தாக்குதலை அமைத்துக் கொடுப்பவர், அங்கே தனியாக நின்று பந்தை வாங்குவார். டிஃபெண்டர் முன்னே வந்தால் முதுகுக்குப் பின்னால் இடம், வராவிட்டால் ஷாட். இரண்டிலும் பழி டிஃபெண்டர் மேல்தான் விழும்.

அடுத்துப் பார்க்க வேண்டியது டிஃபென்சுக்கும் ஸ்டிரைக்கருக்கும் இடையிலான தூரம். நம் அணி தாக்கும்போது கடைசி டிஃபெண்டர் நடுவட்டம் வரை ஏறி வந்தால் அணி சுருங்கி இருக்கிறது, இழந்த பந்தை உடனே மீட்க முடியும். பயந்து பெனால்டி கட்டத்துக்கு அருகிலேயே நின்றுவிட்டால் அணி இரண்டாகப் பிளந்துவிடும். பின்னால் இருப்பவர் நீளமாக உதைப்பதைத் தவிர வேறு வழி இருக்காது. ‘சும்மா தூக்கித் தூக்கி அடிக்கிறாங்க’ என்று சலித்துக்கொள்ளும்போது, அது உதைப்பவரின் குறையா, நடுவில் வாங்க ஆளில்லாத குறையா என்று பார்த்துவிட்டுச் சொல்லுங்கள்.

காதையும் பயன்படுத்துங்கள். நல்ல அணி சத்தமாக ஆடும். ‘மேன் ஆன்’ என்றால் உனக்குப் பின்னால் ஆள் வருகிறான். ‘டைம்’ என்றால் அவசரம் வேண்டாம். ‘லைன்’ என்றால் ஓரக்கோட்டை ஒட்டிக் கொடு. ‘ஸ்விட்ச்’ என்றால் மறுபக்கத்துக்கு மாற்று. மலாயில் ‘ஜாகா’ என்று கேட்டால், ஆளைக் கவனி என்று பொருள். இரண்டாம் பாதியில் இந்தக் குரல்கள் அடங்கிப்போனால் கால்கள் களைத்துவிட்டன என்று புரிந்துகொள்ளலாம். ஸ்கோரில் அது தெரிவதற்குச் சற்று முன்னரே காதில் கேட்டுவிடும்.

விதிகளில் பார்வையாளர்கள் அதிகம் தடுமாறுவது ஆஃப்சைடில்தான். கோல் கிக், த்ரோ இன், கார்னர் ஆகியவற்றிலிருந்து பந்தை நேராக வாங்கினால் ஆஃப்சைடு கிடையாது. தன் பாதித் திடலுக்குள் நிற்பவருக்கும் கிடையாது. ஆஃப்சைடு இடத்தில் சும்மா நிற்பது குற்றமே இல்லை, ஆட்டத்தில் தலையிட்டால்தான் கொடி உயரும். இன்னொன்று, கோல்கீப்பர் பந்தைக் கையில் வைத்திருக்கும் நேரம். 2025 ஜூலை முதல் நடப்பில் உள்ள உலக விதிப்படி 8 விநாடிக்கு மேல் பிடித்திருந்தால் எதிரணிக்குக் கார்னர் கிடைக்கும். பழைய 6 விநாடி விதியில் மறைமுக ஃப்ரீ கிக்தான்.

வெயில், மின்னல், புல்

ஏப்ரலும் மேயும் பருவமழைகளுக்கு இடைப்பட்ட காலம். பிற்பகல் இடிமழை அடிக்கடி வரும். மின்னல் எச்சரிக்கை ஒலித்தால் நடுவர் ஆட்டத்தை நிறுத்திவிடுவார், திடலில் யாரும் இருக்கக்கூடாது. பார்வையாளர்களும் கூரைக்கடியில் போய்விட வேண்டும். உலோகக் கம்பத்துக்கு அருகில் குடை விரித்து நிற்கவே கூடாது. மழை நின்றாலும் எச்சரிக்கை நீங்கினால்தான் ஆட்டம் தொடரும்.

நிறுத்திய நிமிடத்தையும் தொடர்ந்த நிமிடத்தையும் தாளில் குறியுங்கள். காரணம் இருக்கிறது. அரை மணி நேரம் உட்கார்ந்து உடல் குளிர்ந்த பிள்ளைகள் மறுபடி சூடேறுவதற்குள் தடுமாறுவார்கள். அந்தப் பத்து நிமிடத்தில் விழும் கோலை அணியின் பொதுவான பலவீனமாக எண்ணிவிடக்கூடாது. நனைந்த செயற்கைப் புல்லில் பந்து வழுக்கிக்கொண்டு வேகமாக ஓடும், நீளமான பாஸ் எல்லாம் கோட்டைத் தாண்டிவிடும். இயற்கைப் புல்லில் தண்ணீர் தேங்கினால் நேர்மாறாக, பந்து பாதியில் நின்றுபோகும். ஒரே அணி செவ்வாய்க்கிழமை அழகாகப் பாஸ் கொடுத்து வெள்ளிக்கிழமை தடுமாறினால், முதலில் திடலைப் பாருங்கள்.

வெயிலின் கதை வேறு. இங்குள்ள ஈரப்பதத்தில் வியர்வை காயாது, உடல் சூடு இறங்காது. உங்கள் நான்காம் கட்டத்தில், அதாவது ஆட்டத்தின் கடைசிக் கால் பங்கில், எதிரணி ஷாட்கள் மூன்று ஆட்டங்களாக ஏறிக்கொண்டே போனால் அது உடல் தகுதியாலா, மாற்று ஆட்டக்காரர்களைத் தாமதமாக இறக்குவதாலா என்று நான்காவது வகைக் குறிப்பைப் பார்த்தால் தெரிந்துவிடும். தாள் வைத்திருப்பதன் பலன் இங்கேதான் முழுமையாகக் கிடைக்கும். உங்களுக்கும் ஒன்றரை லிட்டர் தண்ணீர் வேண்டும், திடலோரக் கடையை நம்பாதீர்கள்.

புள்ளிப் பட்டியல் கணக்கு

வெற்றிக்கு 3, சமநிலைக்கு 1. நான்கு அணிகள் கொண்ட பிரிவில் ஒருவர் மற்ற மூவருடன் ஒருமுறை ஆடி, முதல் இரு அணிகள் அடுத்த சுற்றுக்குப் போவதாக வைத்துக்கொள்வோம். 7 புள்ளி எடுத்தால் கட்டாயம் தேறிவிடலாம். இரண்டு அணிகள் உங்களிடம் தோற்றிருப்பதால் அவை 6ஐத் தாண்ட முடியாது. 6 புள்ளி பெரும்பாலும் போதும், ஆனால் உறுதியில்லை: மூன்று அணிகள் ஒன்றையொன்று சுற்றிச் சுற்றித் தோற்கடித்து, மூன்றுமே கடைசி அணியையும் வென்றால் மூவருக்கும் 6, ஒருவர் வீட்டுக்குப் போக வேண்டும். மறுகோடியில், ஓர் அணி மூன்றையும் வென்று மற்ற மூன்றும் தங்களுக்குள் சமநிலை கண்டால் 2 புள்ளியோடுகூட இரண்டாம் இடம் கிடைக்கும். கோல் வித்தியாசம் பார்க்கும் போட்டி என்றால், அப்போது இரண்டாமிடத்தைத் தீர்மானிப்பது, வென்ற அணியிடம் யார் குறைந்த கோல் வித்தியாசத்தில் தோற்றார் என்பதுதான்.

அதனால்தான் 0-1 என்று பின்தங்கிய அணி கடைசி ஐந்து நிமிடத்தில் ஏறி ஆடாமல் காத்துக்கொண்டால் அதை உடனே கோழைத்தனம் என்று சொல்லக்கூடாது. பயிற்றுநர் கையில் பட்டியல் இருக்கும். சமன் பிரிப்பு விதியும் இங்கே முக்கியம். கோல் வித்தியாசம் முதலில் என்றால் பலவீனமான அணியை 6-0 என்று வெல்வது தங்கம். ஐரோப்பியக் கிண்ணத்தில்போல் நேருக்கு நேர் முடிவு முதலில் என்றால், அந்த ஆறு கோல்களுக்கு அவ்வளவு மதிப்பில்லை. பிரிவில் ஐந்து அணிகள் இருந்தால் இந்த எண்கள் மாறும், பென்சிலால் புதிதாகப் போட்டுப் பாருங்கள்.

பேசும் முறை

ஆட்டம் முடிந்த உடனே பேச வேண்டாம். லிட்டில் இந்தியாவின் தேக்கா வரை நடந்து ஒரு தேத்தண்ணீர் வாங்கிக்கொண்டு தாளை விரியுங்கள். முதலில் ஷாட்களைக் கூட்டுங்கள், பிறகு உள்ளே இருந்து எடுத்தவற்றைத் தனியாகக் கூட்டுங்கள். தொழில்முறை ஆட்டங்களிலேயே ஏறக்குறைய பத்து ஷாட்டுக்கு ஒரு கோல்தான் விழுகிறது. பெனால்டி கட்டத்துக்கு வெளியே இருந்து எடுத்தால் அதைவிட மிகவும் குறைவு.

விளக்கத்துக்காக ஒரு கற்பனை ஆட்டம்: 0-2 தோல்வி. தாளில் நம் ஷாட் 11, அதில் 8 வெளியே இருந்து. எதிரணிக்கு 5 ஷாட், 4 உள்ளே இருந்து, இரண்டு கோலும் கார்னரில். நம் பெனால்டி கட்டத்தில் 6 கார்னர்களில் 5இல் முதலில் தொட்டது அவர்கள். தாள் இல்லாதவர், ‘ஸ்டிரைக்கர் சரியில்லை, கோல்கீப்பர் சரியில்லை’ என்பார். தாள் உள்ளவர், ‘உள்ளே நுழைய வழி கிடைக்காமல் தூரத்திலிருந்து அடித்தோம். கார்னரில் ஆள் பிடிக்கவில்லை’ என்பார். இரண்டாவது பேச்சில் யார் மனமும் நோகாது. அடுத்த ஆட்டத்தில் எதைப் பார்க்க வேண்டும் என்பதும் தெரிந்துவிடும்: கார்னரில் ஒவ்வொருவரும் ஓர் ஆளைப் பிடிக்கிறார்களா, இடத்தைக் காக்கிறார்களா, அருகிலுள்ள கம்பத்தில் யாராவது நிற்கிறார்களா.

சொல்லும் ஒவ்வொரு குறையிலும் எங்கே, எப்போது, எத்தனை முறை என்ற மூன்றும் இருக்க வேண்டும். ஒருமுறை நடந்தது சம்பவம். அதே கட்டத்தில் மூன்று ஆட்டங்களில் நடந்தால்தான் பழக்கம் என்று சொல்லலாம். ஆட்டம் ஒன்றைக் கொண்டு அணியைத் தீர்ப்பளிப்பவரோடு வாதாட வேண்டாம், ‘அடுத்த ஆட்டத்திலும் பார்ப்போம் அண்ணே’ என்று விட்டுவிடலாம்.

வாட்ஸ்அப் குழுவில் இன்னும் கவனம் வேண்டும். இவர்கள் மேல்நிலைத் தேர்வுக்குப் படிக்கும் பிள்ளைகள். பெயர் சொல்லிக் குறை எழுதாதீர்கள், ‘வலது பக்க டிஃபென்ஸ்’ என்று இடத்தைச் சொல்லுங்கள். அந்தச் செய்தி அரை மணி நேரத்தில் அந்தப் பிள்ளையின் கைபேசிக்குப் போய்விடும். தவறு செய்த காணொளியைத் துண்டு துண்டாக வெட்டிப் பகிர்வது அறவே கூடாது. பாராட்டும்போது பெயரைத் தாராளமாகச் சொல்லலாம்.

படிக்கட்டிலிருந்து ‘ஏறு, ஏறு’ என்று கத்துவதும் உதவி இல்லை. பயிற்றுநர் நிற்கச் சொல்லியிருப்பார், அப்பா ஓடச் சொல்வார், பிள்ளை நடுவில் திகைப்பான். கைதட்டுங்கள், கல்லூரிப் பெயரைச் சொல்லி முழங்குங்கள். நடுவரைப் பார்த்து ‘ரெஃபரி காயூ’ (மலாயில் காயூ என்றால் மரக்கட்டை) என்று பாடுவது இந்த வட்டாரத்துப் பழைய வழக்கம்தான், ஆனால் பள்ளி ஆட்டத்தில் அதற்கு இடமில்லை.

பருவம் முடிந்த வாரம்

தாள்களைத் தூக்கிப் போடாதீர்கள். எல்லா ஆட்டங்களின் நான்கு கட்டங்களையும் ஒரே பக்கத்தில் கூட்டி எழுதுங்கள். பிறகு முதலாம் ஆண்டு என்று குறித்த எண்களை மட்டும் எடுத்து, ஒவ்வொருவரும் மொத்தம் எத்தனை நிமிடம் ஆடினார், எந்த இடத்தில் ஆடினார் என்று கணக்கிடுங்கள். இரண்டாம் ஆண்டுப் பிள்ளைகள் புத்தகத்துக்குத் திரும்பிவிடுவார்கள், அடுத்த ஏப்ரலில் திடலில் இருக்க மாட்டார்கள். டிஃபென்சின் நடுவில் ஆடிய இருவரும் இரண்டாம் ஆண்டு என்றால், அடுத்த பருவத்தின் முதல் ஆட்டத்தில் உங்கள் கண் முதலில் போக வேண்டிய இடம் அதுவே. அந்தப் பக்கத்தின் மேல் மூலையில் ஆண்டை எழுதி, புதிய சட்டை எண்களுக்குக் கீழே இடம் விட்டு வையுங்கள்.